ஒரே நீலத்துக்கு மூன்று பெயர்

திருப்பூர்,
தீபாவளி கழிந்த ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. போனஸ் பட்டுவாடா முடியும் வரை பனியன் கம்பெனிக்காரனிடமிருந்து யாரும் பதிலை எதிர்பார்க்கக் கூடாது. இப்போது ஊரே காலி. தெற்கத்தி ஆட்களும் வடக்கத்தி ஆட்களும் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறிப் போய்விட்டார்கள். தையல் மெஷின் சத்தம் இல்லாத தெருவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இத்தனை வருடம் ஆகியும் இந்த அமைதி எனக்குப் பழகவில்லை.

அப்பாவின் முட்டிவலி பரவாயில்லை என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. தென்னைக்கு வாடல் நோய் என்பதுதான் மனதைக் கஷ்டப்படுத்தியது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்புத் தோப்பாக வெட்டிச் சாய்த்ததைப் போன மாதம் போகும்போது பார்த்தேன். உங்கள் தோட்டத்தில் எத்தனை மரம் என்று எழுதவில்லையே? இங்கே அம்மா நலம். நீ பெங்களூரை விட்டு உடுமலைக்கே வந்துவிட்டாய் என்றதும், "இனிமேல் சந்தகை சாப்பிட அடிக்கடி வருவான்" என்றார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் நூற்பாலைக் குழுமத்தில் மூன்று ஆலை, ஏழு மென்பொருள். பஞ்சுக் கொள்முதலுக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று, தர ஆய்வகத்துக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, வரவு செலவுக்கு டாலி, தலைமை அலுவலகத்தில் பெரிய கம்பெனிகள் நிர்வாகத்துக்கு வைத்திருக்கும் எஸ்.ஏ.பி.யின் பழைய பதிப்பு, காற்றாலை யூனிட் கணக்குக்கு யாரோ எப்போதோ போட்ட எக்செல். எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு ஒரே பெரிய மென்பொருளாக வாங்கிவிடலாம் என்று விற்க வந்தவர் சொல்கிறார். உன் எம்.டி.யும் தலையாட்டிவிட்டார். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிறாய்.

வாங்கு என்றோ வாங்காதே என்றோ சொல்லும் முன் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஏழிலும் நாற்பதாம் நம்பர் கோம்ப்டு நூலுக்கு, அதாவது சீவிச் சுத்தம் செய்த அந்த ஒரே ரகத்துக்கு, மொத்தம் எத்தனை பெயர் இருக்கிறது? எண்ணிப் பார்த்திருக்கிறாயா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், நான் பட்ட பாடு அப்படி. இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் ஆர்டர் மென்பொருளையும் ஸ்டோர் மென்பொருளையும் இணைத்தேன். நீ பார்த்திருந்தால் மெச்சியிருப்பாய், அவ்வளவு சுத்தமான வேலை. வாடிக்கையாளரிடம் பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதைப் பதிந்ததும், எந்தக் கலர் துணி எத்தனை கிலோ வேண்டும் என்று ஸ்டோருக்குத் தானாகப் போகும். இருப்பு இருந்தால் ஒதுக்கிவிடும், இல்லையென்றால் வாங்கச் சொல்லும். ஆனால் இரண்டையும் பொருத்தியது கலரின் பெயரை வைத்து. நேவி என்றால் நேவி. அதில் என்ன சந்தேகம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

வந்தது. சாயம் போட்ட நீலத்துக்கு மெர்ச்சண்டைசர் வைத்தது வெளிநாட்டு வாடிக்கையாளர் சொன்ன பெயர். சாயப்பட்டறையில் அதற்கு லேப் டிப் எண், அதாவது மாதிரிச் சாயத் துண்டின் எண். ஸ்டோரில் எங்கள் ஆள் சுருக்கமாக 'நேவி' என்று போட்டிருந்தார், அதற்கு முந்தைய சீசனில் வந்த வேறொரு நீலத்துக்கும் அதே 'நேவி'. என் நிரல் இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, இருப்பு போதும் என்று ஒதுக்கிவிட்டது. கட்டிங் முடிந்தது, தையலும் முடிந்தது. செக்கிங் மேஜையில் ஒரு பெண் சட்டையைத் திருப்பிப் போட்டு, ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "அண்ணா, கை வேற நீலம், உடம்பு வேற நீலம்" என்று சொன்னபோது, மேஜைக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். மறுபடி நூல், மறுபடி சாயம். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. அந்த ஆர்டரில் கிடைக்க வேண்டிய லாபம் முழுவதையும் விமானக் கூலி விழுங்கிவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால் இணைப்பில் ஒரு கோளாறும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. முன்பெல்லாம் தப்பு ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கும், அடுத்த மேஜைக்குப் போகும்போது யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். இணைத்த பிறகு ஒரே நிமிடத்தில் ஐந்து மேஜைக்கும் போய்விடுகிறது.

சரிசெய்ய ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. மெர்ச்சண்டைசிங், ஸ்டோர், சாயப்பட்டறை மூன்றிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் ஒரே அறையில் மூன்று வாரம் உட்கார்ந்து, துணித்துண்டுகளை மேஜையில் பரப்பி, ஒவ்வொரு கலருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். இனிமேல் புது எண் போடும் உரிமை மெர்ச்சண்டைசிங்குக்கு மட்டும்தான், மற்றவர்கள் படிக்கலாம், மாற்றக் கூடாது. பிள்ளையை அத்தையும் மாமனும் எப்படி வேண்டுமானாலும் கொஞ்சிக் கூப்பிடட்டும், ரேஷன் கார்டில் ஒரு பெயர்தானே இருக்கிறது! ஒருங்கிணைப்பு உத்தி என்று உன் பெங்களூர்க்காரர்கள் நாற்பது பக்கம் படம் போட்டுக் காட்டுவதில் பாதி இதுதான். எந்தத் தகவலுக்கு யார் சொந்தக்காரர் என்று பட்டியல் போடு. பஞ்சு லாட்டுக்கு யார், நூல் ரகத்துக்கு யார், வாடிக்கையாளர் முகவரிக்கு யார், தொழிலாளி எண்ணுக்கு யார். ஒன்றுக்கு இரண்டு சொந்தக்காரர் வந்தால் அங்கே நின்றுவிடு, மேலே போகாதே.

அப்படி நிற்கும் இடத்தில் கணினிக்குச் சம்பந்தமில்லாத சண்டை ஒன்று நிச்சயம் இருக்கும். எங்கள் முதலாளிகள் அண்ணன் தம்பி. அண்ணனிடம் அலுவலகமும் கணக்கும், தம்பியிடம் தொழிற்சாலை. இரண்டு வாடிக்கையாளர் பட்டியல், இரண்டு விதமான ஆர்டர் எண். இதைத் தொழில்நுட்பக் குறை என்று நினைத்து ஒரு வருடம் வீணாக்கினேன். மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினி வல்லுநர் 1968-இலேயே எழுதிவிட்டார்: ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்தப் பேச்சின் நகலாகத்தான் அவர்கள் உருவாக்கும் அமைப்பும் இருக்கும் என்று. பங்காளிகள் பேசாத வீட்டில் வாய்க்கால் தண்ணீர் எப்படிப் பாயும் என்பதை நம் ஊர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. உன் மூன்று ஆலைக்கும் மூன்று ஜி.எம். என்று எழுதியிருந்தாய். முதலில் அவர்கள் மூவரும் ஒன்றாக டீ குடிக்கிறார்களா என்று பார்.

அடுத்து, எதை எதோடு இணைப்பது. ஏழையும் ஒன்றுக்கொன்று நேராக இணைத்தால் 21 இணைப்பு, எட்டாவது ஒன்று வந்தால் 28. அத்தனையும் தேவைப்படாதுதான். பாதி இருந்தாலே போதும், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்த பையன் வேலையை விட்டுப் போகிற அன்றைக்கு உனக்குத் தூக்கம் போய்விடும். அதனால் நடுவில் ஒன்றை வைத்து எல்லாவற்றையும் அதோடு மட்டும் இணைப்பார்கள். சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் எங்கள் ஊர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் மாதிரி. பட்டறைக்குப் பட்டறை சாயம் வேறு, முறை வேறு, ஆனால் நிலையத்துக்கு ஆளுக்கொரு குழாய். புதிதாக ஒரு பட்டறை சேர வேண்டுமென்றால் ஒரே ஒரு குழாய் போதும்.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் திருப்பூர் பார்த்திருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னபோது, நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவுகூட விழாது என்ற நிலை வரும் வரை ஊரே ஸ்தம்பித்தது. தீர்ப்பு நியாயமானது, சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்த எவனும் மறுக்க மாட்டான். நான் சொல்ல வருவது வேறு. பொது நிலையம் நின்றால் குழாய் போட்டவர்கள் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். மென்பொருளிலும் அப்படியே. விலைக் கணக்கு, தள்ளுபடி விதி, ஒப்புதல் எல்லாவற்றையும் நடுவில் இருப்பதற்குள் திணித்துவிட்டால், அது ஒரு நாள் படுத்தால் மூன்று ஆலையும் படுக்கும். அது தபால்காரனாக இருந்தால் போதும். கவரை மாற்றலாம், கடிதத்தைப் பிரித்துத் திருத்தக் கூடாது.

தபால்காரனைப் பற்றி இன்னொரு அனுபவம். சாயப்பட்டறையிலிருந்து 380 கிலோ துணி, சலான் என்ற சரக்குச் சீட்டோடு வந்தது. வரவு வைத்த நேரத்தில் இணையம் அறுந்தது. வரவு உள்ளே பதிந்துவிட்டது, ஆனால் "பதிந்தது" என்ற பதில் மட்டும் திரும்பவில்லை. அனுப்பிய நிரல், போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் அனுப்பியது. இருப்பு 760 கிலோ. துணிதான் இருக்கிறதே என்று நூல் வாங்குவதை நிறுத்தினார்கள். பத்து நாள் கழித்துக் கட்டிங் மாஸ்டர் வந்து, "கம்ப்யூட்டர்ல துணி இருக்குதுங்க, குடோன்லதான் காணோம்" என்றார். அந்த வாக்கியத்தை என் மேஜைமேல் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

இப்போது சலான் எண்ணும் துணி ரோலின் எண்ணும் சேர்ந்துதான் அடையாளம். அதே அடையாளம் இரண்டாவது முறை வந்தால், "ஏற்கெனவே வந்துவிட்டது" என்று பதில் போகும், இருப்பு கூடாது. ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸில், அதாவது மின்னணு பில்லில், இதே தந்திரத்தை அரசாங்கமே செய்திருக்கிறது, கவனித்தாயா? விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், ஆவணத்தின் வகை, ஆவண எண், நிதியாண்டு இவற்றை அரைத்து 64 எழுத்தில் ஒரு அடையாளம் எடுக்கிறார்கள். ஒரே பில்லை எத்தனை முறை அனுப்பினாலும் இரண்டாவது அடையாளம் கிடைக்காது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களோடு தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் என்று இறங்கிவந்ததில், பல்லடம் ரோட்டுக் கணக்குப்பிள்ளைகள்கூட மென்பொருள்கள் தகவல் பரிமாறும் கோப்பு வடிவத்தை ஜேசான் ஃபைல் என்று சர்வ சாதாரணமாகப் பேசுகிறார்கள். நம் கல்லூரிப் பேராசிரியர்களால் முடியாததை வரித்துறை செய்து காட்டிவிட்டது.

எஸ்.ஏ.பி. பழைய பதிப்புக்கு 2027 இறுதியோடு வழக்கமான ஆதரவு முடிகிறது என்று சொல்லி உன் எம்.டி.யைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை இழுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். தலைமை அலுவலகத்துக்கு அது ஒரு கேள்வி, ஆலைகளில் உள்ள மற்ற ஆறுக்கு அது கேள்வியே இல்லை. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதி ஒரே விலை சொல்வது விற்பவரின் சாமர்த்தியம். தாராபுரம் ரோட்டில் பனைமரத்தின்மேல் ஆல் முளைத்து வளர்ந்திருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? காக்கை போட்ட விதை, பனையைப் பிடித்துக்கொண்டே வேரை இறக்கும், கடைசியில் ஆல்தான் நிற்கும். மென்பொருள் நிபுணர் மார்ட்டின் ஃபவுலர் இந்த மாதிரி ஒரு மரத்தை ஆஸ்திரேலியக் காட்டில் பார்த்துவிட்டு, 2004-இல் பழைய மென்பொருளை மாற்றும் முறைக்கு அதன் பெயரையே வைத்தார். ஒரு வேலையைப் புதியதற்கு மாற்று, ஓடுகிறதா பார், பிறகு அடுத்தது. ஒரே ராத்திரியில் பனையை வெட்டாதே.

முதலில் எதை எடுப்பது? வரவு செலவை எடுக்காதே. டாலி ஓடுகிறதென்றால் ஓடட்டும். சம்பளத்திலும் கைவைக்காதே. போனஸ் நேரத்தில் கைவைத்து, வருகைப் பதிவு மெஷின் சொல்லும் 12 மணி நேரத்தையும் ஆட்கள் சொல்லும் ஒன்றரை ஷிப்டையும் ஒத்துப்போக வைப்பதற்குள் எனக்கு முடி நரைத்துவிட்டது. நீ லாட் எண்ணை எடு, எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டும் எண் அது. பஞ்சு பேல் உள்ளே வருவதிலிருந்து நூல் கோன் வெளியே போகும் வரை ஒரே நூலிழையாக அது மட்டும் போகட்டும்.

இதில் என் சுயநலமும் இருக்கிறது. இரண்டு லாட் நூல் ஒரே நிட்டிங் மெஷினில் ஏறிவிட்டால் துணியில் அப்போது ஒன்றும் தெரியாது. சாயம் போட்ட பிறகுதான் பட்டை பட்டையாகக் கோடு எழும். யார் தப்பு என்று ஆலையும் நிட்டிங்கும் சாயப்பட்டறையும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். உங்கள் குழுமத்து நூல் எங்களுக்கும் வருகிறது என்பது உனக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு வா. காலையிலேயே வந்தால் சந்தகை சூடாக இருக்கும். வரும்போது நூல் மூட்டையில் ஒட்டும் லேபிள் மூன்று கொண்டு வா, ஆலைக்கு ஒன்றாக. லாட் எண்ணை மூன்றிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மேலே பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழன்