ஆற்றல் பாடத்துக்கு மீட்டர் பெட்டியே போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் தெர்மாகோல் காற்றாலை ஆண்டுதோறும் சுழல்கிறது. தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து பார்த்த மாணவர்களோ மிகக் குறைவு. அதற்கான கருவியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பள்ளிச் சுவரில் மின்வாரிய மீட்டராக அது ஏற்கெனவே இருக்கிறது.

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுங்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பதை அங்கேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதை 3200ஆல் வகுத்தால் மினுக்கலுக்கு 1125 ஜூல். அடுத்தடுத்த இரண்டு மினுக்கலுக்கு இடையே ஆகும் நொடிகளால் இதை வகுத்தால் வாட் கிடைத்துவிடும். பழைய 75 வாட் விசிறிக்கு 15 நொடி; 28 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு (தூரிகையில்லா மோட்டார் கொண்ட சிக்கன விசிறி) 40 நொடி. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குச் சிக்கனம் பற்றித் தனியாகச் சுவரொட்டி வேண்டாம்.

கணக்கு பிசகும் இடங்களும் உண்டு. முதல் மினுக்கலை 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினால் பத்து எண்ணும்போது ஒன்பது இடைவெளிதான் கடந்திருக்கும். அதனால் விடை ஏறத்தாழ 11 சதவீதம் கூடிவிடும். முதல் மினுக்கல் 'பூஜ்யம்'. எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் விளக்கு மினுங்கினால் இன்வெர்ட்டரோ கணினி யு.பி.எஸ்ஸோ ஓடுகிறது என்று பொருள். அந்த வாட்டை முதலில் அளந்து பின்பு கழிக்க வேண்டும். மும்முனை மீட்டரில் இரண்டு விளக்குகள் இருக்கக்கூடும். யூனிட்டுக்கு உரியதை மட்டும் எண்ண வேண்டும். 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்றை மட்டும் போட்டால் மினுக்கலுக்கு 56 நொடி காத்திருக்க நேரும், வகுப்பு பொறுமை இழந்துவிடும். நான்கை ஒன்றாகப் போட்டு நான்கால் வகுக்கலாம். விசிறியைப் போட்டதும் அளக்காமல், முழு வேகம் பிடிக்க ஒரு நிமிடம் விட வேண்டும். 75 வாட் என்று எழுதிய விசிறி 65 காட்டினால் அது பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மின்னழுத்தம் குறைந்திருந்தாலும் அப்படிக் காட்டும்.

பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் எங்காவது மிச்சம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். வேகத்தைக் குறைத்தால் காற்று வெகுவாகக் குறையும். மினுக்கல் அந்த அளவுக்குக் குறையாது. மிச்சம் ரெகுலேட்டருக்குள்ளேயே வெப்பமாகப் போகிறது. மின்னணு ரெகுலேட்டரில் இந்த இழப்பு மிகக் குறைவு. ஆற்றல் இழப்பைக் காட்ட இதைவிட நல்ல சோதனை வகுப்பறையில் கிடைப்பது அரிது.

தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதையும் கணக்கில் கொண்டுவரலாம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் வீணாக ஓடினால் சுமார் ஒரு யூனிட் போகும். நாட்டின் மின்தொகுப்பில் நிலக்கரியின் பங்கு பெரிது என்பதால் அந்த ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

மீட்டரைத் தொடவோ அதன் முத்திரையில் கை வைக்கவோ கூடாது. இரண்டடி தள்ளி நின்று, ஆசிரியர் முன்னிலையில் பார்த்தால் போதும். மீட்டர் அருகே ஒருவர், வகுப்பறை ஸ்விட்சருகே ஒருவர், நிறுத்துகடிகாரத்துடன் ஒருவர் என மூன்று மாணவர் ஒரு குழு.

எட்டாம் வகுப்பு முதல் இதற்கென ஒரு பக்கப் பயிற்சித்தாளைப் பள்ளிக் கல்வித் துறை அச்சிட்டுத் தர வேண்டும். மீட்டரில் உள்ள எண்ணைக் குறிக்கும் கட்டம் அதில் முதலில் இருக்கட்டும். 1600, 6400 என்று மீட்டருக்கு மீட்டர் அது மாறும்.

இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
விழுப்புரம் மாவட்டம்.