‘நம்மைப் பொறுத்தவை’

தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பா,

பெரம்பூரில் நீயும் ஸ்டோயிக் (பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவ மரபு) வாசிப்புக் குழு தொடங்கப்போகிறாய் என்று படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் புத்தகம் மார்க்கஸ் ஆரேலியஸ் என்று போட்டிருக்கிறாய். வேண்டாம். அது ஒரு ரோமானியப் பேரரசர் தனக்கென்று எழுதிக்கொண்ட குறிப்புகள். வாதம் படிப்படியாக விரியாது. 12 பகுதிகளில் முதலாவது முழுக்க, யாரிடம் என்ன கற்றேன் என்ற நன்றிப் பட்டியல். புதிதாக வருகிறவர்கள் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார்கள்.

எபிக்டெட்டஸின் கைந்நூலை எடு. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் நிக்கோபோலிஸ் என்ற கிரேக்க ஊரில் நடத்திய பாடங்களை மாணவர் அரியன் எழுதிவைத்தார். அந்த அரியனே அதைச் சுருக்கியதுதான் இது. 53 அத்தியாயங்கள், பலவும் நாலைந்து வரிதான். வாரம் இரண்டு என்றால் ஆறேழு மாதம். 29-உம் 33-உம் நீளம், அவற்றுக்குத் தனித்தனி வாரம் கொடு.

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதே. ஒருவர் உரக்கப் படிக்கட்டும், அதே பகுதியை இன்னொருவர் மறுபடி படிக்கட்டும். முதல் 20 நிமிடம் ‘அவர் என்ன சொல்கிறார்’ மட்டும். ‘எனக்கு என்ன தோன்றுகிறது’ அப்புறம். இல்லாவிட்டால் யாராவது ‘இதைத்தான் நம்ம கணியன் பூங்குன்றனார் அப்பவே சொல்லிட்டாரே’ என்பார், எல்லாரும் தலையாட்டுவார்கள், கையிலிருக்கும் நூல் மூடிக்கொள்ளும். ஒப்பிடுவது தப்பே இல்லை. கடைசிப் பத்து நிமிடத்துக்கு வை.

பெரிய சிக்கல் முதல் அத்தியாயத்திலேயே காத்திருக்கிறது. அதன் மையச் சொல் கிரேக்கத்தில் ‘எஃப் ஹேமின்’. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இதை ‘நம் கட்டுப்பாட்டில் உள்ளவை’ என்பார்கள். அந்தச் சொல் விழுந்ததும் பேச்சு ‘நம்ம கையில என்ன இருக்கு’ என்று தலையெழுத்தில் போய் நிற்கும். ‘நம்மைப் பொறுத்தவை’ என்று படித்துப் பார். கருத்து, முனைப்பு, விருப்பம், வெறுப்பு இந்தப் பக்கம். உடம்பு, சொத்து, பேர், பதவி அந்தப் பக்கம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் படகிலும் வலையிலும் எண்ணெய் அப்பியதை எடுத்துக்கொள். ‘அது நம்மைப் பொறுத்ததல்ல, விடு’ என்று ஒருவர் முடிக்கப் பார்ப்பார். அப்போது ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதிவைத்த ஸ்டோயிக் உவமையைக் கொண்டுவா: குறி பார்ப்பதும் நாண் இழுப்பதும் வில்லாளியைப் பொறுத்தது, அம்பு தைப்பது அல்ல. குறியே பார்க்காதவன் வில்லாளி இல்லையே! பாழான வலையைக் கணக்கெடுப்பது, தேதியோடு படம் எடுப்பது, மனு எழுதுவது, விசாரணைக்குப் போய் நிற்பது எல்லாம் நம்மைப் பொறுத்தவை. உத்தரவு எப்படி வரும் என்பது அல்ல. இந்த ஒன்றுக்கு ஒரு முழுக் கூட்டம் போனாலும் போகட்டும். இது தெளியாமல் மேலே போனால் மிச்சம் 52-உம் கோணலாகத்தான் புரியும்.

மூன்றாவதைக் கவனமாகக் கையாள். உனக்கு ஒரு பானை பிடிக்கும் என்றால், ‘எனக்குப் பிடித்தது ஒரு பானை’ என்று சொல்லிக்கொள், உடைந்தால் கலங்கமாட்டாய் என்கிறார். அதுவரை எல்லாரும் சிரித்த முகமாக இருப்பார்கள். அடுத்த வரியில் பிள்ளையும் மனைவியும் வருகிறார்கள். யாரையாவது பறிகொடுத்தவர் குழுவில் இருக்கலாம், ஆகவே முந்தைய வாரமே சொல்லிவை. ஆனால் அந்த வரியைத் தாண்டிப் போகாதே, மழுப்பாதே. பிள்ளைக்கு முத்தம் கொடுக்கும்போது ‘நாளை நீ இல்லாமல் போகலாம்’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள் என்ற எபிக்டெட்டஸ் பேச்சை மார்க்கஸ் தன் 11-ஆம் பகுதியில் குறித்துவைத்திருக்கிறார். பல பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர் அவர். அன்பைக் குறைக்கச் சொல்லும் வரியாக எனக்கு அது படவில்லை. முத்தம் கொடுக்காதே என்று அதில் எங்கும் இல்லை.

நான்காவது பயிற்சிக்கு உகந்தது. குளிக்கப் போகுமுன், பொதுக் குளியலறையில் தண்ணீர் தெறிக்கும், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள் என்று நினைத்துக்கொள். குளிக்கவும் வேண்டும், மனதை நேராக வைக்கவும் வேண்டும் என்று புறப்படு என்கிறார். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்டியைக் கிளப்புமுன் நாலு வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கட்டும், மறுவாரம் எங்கே தவறியது என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் சொல்லட்டும்.

சொல்லாதவரை வற்புறுத்தாதே. நன்றாக விளக்குகிறவரே எப்போதும் பேசிக்கொண்டிருந்தால் 49-ஐ முன்கூட்டியே எடு: பழைய ஸ்டோயிக் ஆசான் கிரிசிப்பஸின் நூல்களை விளக்கத் தெரியும் என்று பெருமைப்படுகிறவனைப் பற்றியது.

எங்கள் குழு 43-க்கு வந்திருக்கிறது. எதற்கும் இரண்டு கைப்பிடி உண்டு, அண்ணன் தம்பி செய்த அநியாயத்தை எந்தப் பிடியில் தூக்குவது என்ற அத்தியாயம். ஞாயிறு காலை 10 மணிக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து பார். நோட்டு ஒன்று எடுத்து வா.

அன்புடன்,
உன் நண்பன்