எழுதாமல் போன ஒரு வரி

அன்புள்ள மகள் வேணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ பார்க்கச் சொன்ன '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அம்மா பாதியில் எழுந்து போய்விட்டாள். நான் கடைசிவரை இருந்தேன்; அது போதாமல், படம் சொல்லும் அடிமைக் கொடுமையைப் பன்னிரண்டு ஆண்டு தாமே அனுபவித்த சாலமன் நார்த்தப் 1853-இல் வெளியிட்ட நூலையும் தேடி வாசித்தேன். தொலைபேசியில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்து, சாரடோகா ஸ்பிரிங்ஸ் ஊரில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்தவர் அவர், வயலின் வாசிப்பார். 1841-இல், சர்க்கஸில் வாசித்தால் நல்ல கூலி கிடைக்கும் என்று ஆசைகாட்டிய இருவரை நம்பி வாஷிங்டன் வரை போனார். நினைவிழந்தவர் கண்விழித்தபோது, நாடாளுமன்றக் கட்டடம் கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஓர் அடிமை வியாபாரியின் கொட்டடியில் விலங்கோடு கிடந்தார். நான் அடிமையல்ல என்று சொன்னதற்குத்தான் அவருக்கு முதல் அடி விழுந்தது.

நூலில் ஒரு செய்தி இருக்கிறது. அவர் கிளம்பிய சமயம் மனைவி ஆன் வெளியூருக்குச் சமையல் வேலைக்குப் போயிருந்தார். சீக்கிரம் திரும்பிவிடப் போகிறோமே என்று எண்ணி, எங்கே போகிறோம் என்பதை அவருக்கு எழுதத் தேவையில்லை என்று விட்டுவிட்டதாக அவரே சொல்கிறார். அந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நியூ ஆர்லியன்சுக்குப் போன கப்பலில், இரக்கமுள்ள ஒரு மாலுமியின் உதவியால் அவர் எழுதிய கடிதம் ஊர் வந்து சேர்ந்தது. ஆனால் எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது அவருக்கே தெரியாதபோது அதில் எதை எழுத முடியும்? விற்பனைக்கு நிறுத்தியவர்கள் பெயரையும் 'பிளாட்' என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பெயரோடு லூசியானாவின் பருத்திக் காட்டில் கிடந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

கழுத்தில் சுருக்கோடு, கால்விரல் நுனி சேற்றில் பட்டும் படாமலும் அவர் தொங்க, பின்னால் குழந்தைகள் விளையாடும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னை உலுக்கியது மை செய்யும் காட்சி. திருட்டுத்தனமாக எடுத்து வைத்த ஒரே தாளில், பழச்சாற்றைத் தொட்டு எழுதிப் பார்க்கிறார். எழுத்து தெரியும்படி பதியவே இல்லை. நூலிலோ மரப்பட்டையைக் காய்ச்சி மை எடுத்து, வாத்து இறகைப் பேனாவாக்கி, எல்லோரும் உறங்கிய பிறகு எழுதி முடிக்கிறார். அதை அஞ்சலில் சேர்க்கக் கேட்டுக்கொண்ட வெள்ளையர் காட்டிக்கொடுத்துவிட, தன் கடிதத்தைத் தானே எரிக்க வேண்டியதாகிறது. திரையில் அந்தக் கனல் அணையும்வரை இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் கேமராவை நகர்த்தவில்லை. 2014-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது எனக்கு வியப்பாக இல்லை.

1852-இல், கனடாவைச் சேர்ந்த பாஸ் என்ற தச்சர் தம் உயிருக்கு வரக்கூடிய ஆபத்தையும் பொருட்படுத்தாமல் அவருக்காகக் கடிதங்கள் எழுதினார். அவற்றால் 1853 ஜனவரியில் விடுதலை கிடைத்தது. வியாபாரிமீது வழக்குத் தொடுத்தபோது, கறுப்பர் என்பதால் சாலமனின் சாட்சியத்தை வாஷிங்டன் நீதிமன்றம் ஏற்கவில்லை; வியாபாரி தப்பித்தான். இதை வாசிக்கையில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

வீடு திரும்பியபோது மகள் மார்கரெட்டுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பிரிந்தபோது அவளுக்கு ஏழு வயது. இப்போது அவளருகில் நின்ற அவள் மகனுக்குச் சாலமன் நார்த்தப் என்றே பெயர் வைத்திருந்தாள். பெயரன் என்று நாம் சொல்வது இதைத்தானே, அம்மா! 'பிளாட்' என்று மற்றவர்கள் அழைத்த காலத்தில், அவருடைய பெயரை அந்த வீட்டில் ஒரு குழந்தை சுமந்துகொண்டிருந்தது.

உன் வாழ்க்கையை அவர் பட்ட துன்பத்தோடு ஒப்பிடுவது தகாது. ஆனாலும் சென்ற மாதம் வேலை நிமித்தம் நீ வேறு ஊருக்குப் போனது, நீ திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். நான்கு நாளில் வந்துவிடுவோமே என்று நீ எண்ணியிருப்பாய். இனி எங்கே போனாலும் ஊரின் பெயரையும் தங்கும் இடத்தையும் புறப்படும் முன்பே எழுதிவிடு. இரண்டு வரி போதும்.

அன்புடன்,
அப்பா