கறுத்த கையை மறைத்த வருடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மன அமைதி பற்றி வருவதை நான் ஒன்று விடாமல் படிக்கிறேன். அதிகாலையில் எழுந்து அரை மணி நேரம் கண்மூடி உட்காருங்கள் என்று எழுதுகிறார்கள். நான் நாலு மணிக்கே எழுந்துவிடுவேன், ஆனால் உட்கார முடியாது. மரச்சீனி அவித்து, மீன்குழம்பு வைத்து, பேத்திக்குத் தலைபின்னிவிட்டு ஏழரைக்குள் களியக்காவிளைப் பக்கம் உள்ள அண்டியாபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அமைதி எந்த வழியாக வரும் என்று நான் கண்டதை எழுதுகிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

முந்திரிக்கொட்டை ஆலையைத்தான் இங்கேயும் கொல்லம் பக்கமும் அண்டியாபீஸ் என்போம். நான் 31 வருடமாக அண்டி தல்லுகிறேன். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டும்போது ஓட்டில் இருக்கிற எண்ணெய் விரலில் படும், தோல் வெந்து உரியும். சாம்பல் பூசிக்கொண்டு செய்தாலும் கறை ஏறிவிடும், எந்த சோப்புக்கும் போகாது.

அந்தக் கையை நான் எத்தனை வருடம் மறைத்தேன் தெரியுமா? கல்யாண வீட்டில் போட்டோ எடுத்தால் கை முந்தானைக்குள் போய்விடும். மகளைப் பெண் பார்க்க வந்த அன்று என் தங்கச்சியை வரவழைத்து அவள் கையால் சாயா கொடுக்கச் சொன்னேன். நாலு வருடத்துக்கு முன்னால் ரேஷன் வாங்கப் போன இடத்தில் மெஷினில் என் ரேகை விழவில்லை. வரிசையில் அத்தனை பேர் நிற்க, "கையைக் கழுவிட்டு வாங்க" என்றார்கள். அரிசி வாங்காமல் வீட்டுக்கு வந்து செங்கல் துண்டால் விரலைத் தேய்த்தேன், ரத்தம் வரும்வரை தேய்த்தேன். அன்றைக்கு என்னைவிடக் கேவலமானவள் யாருமில்லை என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்கிற பெண் சாமித்தோப்புக்கு அழைத்துப் போனாள். முத்திரிக்கிணற்றில் குளித்துவிட்டு உள்ளே போனோம். சாதிக் கொடுமையை எதிர்த்து நின்ற அய்யா வைகுண்டரின் (1809–1851) பதி அது, கோயிலைத்தான் பதி என்பார்கள். அங்கே சிலை கிடையாது, நிலைக்கண்ணாடியும் அதன் முன் விளக்கும்தான். கைகூப்பி நின்றால் நம்மையேதான் பார்க்கிறோம். கண்ணாடியில் என் கறுத்த கை இரண்டும் நேரே தெரிந்தது, உடனே தாழ்த்தினேன். பக்கத்தில் நின்றவள் மெல்லச் சொன்னாள்: "கையை மேல தூக்கிக் கும்பிடுங்க அக்கா, தெரியட்டும்."

அந்த வார்த்தை எனக்குள்ளே என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. பக்கத்தில் ஆண்கள் தலைப்பாகையோடு நின்றார்கள். கீழ்ச்சாதி என்று சொல்லி, தலையில் துண்டு கட்டக் கூடாது என்று ஒதுக்கிவைத்த காலத்தில் கட்டிக்கொண்டு வா என்றவர் அய்யா. பெண்கள் மார்பை மூட உரிமை கேட்டு நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றி என் ஆச்சி, அவளுடைய ஆச்சியிடம் கேட்டதைச் சொல்லுவாள். அடி வாங்கி, சீலையைக் கிழிக்கக் கொடுத்து, 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. மூடிக்கொள்ள அவர்கள் அவ்வளவு பாடுபட்டிருக்க, மறைக்க வேண்டாத ஒன்றை நான் யாரும் சொல்லாமலே மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஒரே நாளில் எல்லாம் மாறவில்லை, இப்போதும் சில இடங்களில் கை தானாக முந்தானைக்குள் போகிறது. ஆனால் சாயங்காலம் வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து கைக்குத் தேங்காயெண்ணெய் தேய்க்கிறேன். பத்து நிமிடம் இருக்கும், விரல் விரலாகத் தேய்ப்பேன், அந்த நேரம் யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். வேலையிலும் பருப்பு உடையாமல் முழுசாக வரும்போது இப்போது ஒரு நிமிடம் பார்க்கிறேன். 320 என்று தரம் பிரிப்பார்களே, ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ அத்தனை பருப்பு என்று அர்த்தம், அத்தனையும் யாரோ ஒருத்தி உடையாமல் எடுத்ததுதான்.

இப்படி எழுதுகிறேன் என்பதற்காக, ஆலையில் கிடைக்கிற கூலி போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனசு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் எனக்கு வாயே திறந்தது. ரேஷன் வாங்குகிற இடத்துக்குத் திரும்பப் போய், ரேகை விழாவிட்டால் வேறு வழியில் பதிந்து கொடுங்கள், தேய்ந்தது என் தப்பில்லை என்று நின்றேன். கொடுத்தார்கள். ஷெட்டில் கையுறையும் எண்ணெயும் கேட்டிருக்கிறோம், எண்ணெய் வந்தது, கையுறை இன்னும் வரவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை அமைதி பற்றிப் போடும்போது அதே பக்கத்தில் ஒரு தோல் மருத்துவரையும் எழுதச் சொல்லுங்கள், இந்த ஓட்டெண்ணெய்ப் புண்ணுக்கு என்ன போடலாம், என்ன போடக் கூடாது என்று. மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது எங்கள் ஷெட்டில் பேப்பர் வாசிப்பது நான்தான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அண்டியாபீஸ் தொழிலாளி,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.