அது காடே இல்லை, ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில், பல நாட்டுச் சாரணர் ஒன்றுகூடிப் பாசறையிடும் உலக சாரணர் ஜம்போரி பற்றிய கட்டுரையில், ‘பிள்ளைகளைக் காட்டுக்குள் கொண்டுபோய் வெயிலில் வாட்டுகிற விளையாட்டு’ என்று ஒரு வரி. நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாசிக்கிறவன் நான். அதற்குமேல் வாசிக்க மனம் வரவில்லை.

2023 ஓகஸ்டில் தென்கொரியாவின் சேமங்கும் என்ற இடத்தில் 40,000க்கு மேற்பட்டோர் கூடியதும், வெக்கையில் பிள்ளைகள் வருந்தியதும், புயலுக்குப் பயந்து எல்லோரையும் இடைநடுவில் வெளியேற்றியதும் உண்மை. ஆனால் அது காடே இல்லை. கடலை மறித்து மீட்டெடுத்த வெட்டை. ஒதுங்க மரநிழல் இல்லை, மழைத்தண்ணி வடிய வழியில்லை, மலசலகூடமும் ஒழுங்கில்லை. ஏற்பாட்டாளர் விட்ட பிழைக்குச் சாரணியத்தை ஏசுவது எந்த நியாயம்? 2019இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மலைக்காட்டில் ஏறக்குறைய அதேயளவு பேர் பன்னிரண்டு நாள் பாசறையிட்டார்களே, அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்தின் வலிகாமமே மழையில் நனைந்தபடி கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. கொடிகாமத்தில் ஒரு பனங்காணிக்குள் எங்கள் வீட்டாரும் அயலில் இரண்டு குடும்பமும் ஒதுங்கினோம். தடி வெட்டி, கயிறு வரிந்து, தறப்பாள் இழுத்துக் கட்டியது நான். சுற்றிவர வாய்க்கால் வெட்டி வெள்ளத்தைத் திருப்பினேன். ஈர விறகில் அடுப்பு மூட்டிக் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சினோம். எல்லாம் பதினைந்து வயதில் சாரணர் பாசறையில் பழகியவை. அதையா ஐயா விளையாட்டு என்கிறீர்கள்?

இன்று பேரனின் பாடசாலையில் சனிக்கிழமைச் சாரணர் பயிற்சியை ரியூசனுக்காக நிற்பாட்டிவிட்டார்கள். போய்க் கேட்டேன். ‘ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிற பிள்ளைகள்’ என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு கயிற்றை இறுக்கி முடியத் தெரியாது. நான் சாரணர் ஆசிரியராக இருந்த நாளிலும், வெளிநாட்டுப் பாசறைக்கான அறிவித்தல் கைக்கு வரும்போது விண்ணப்பத் திகதி முடிந்திருக்கும். அதுவும் தமிழில் வராது. கெட்டிக்காரப் பெடியள் எத்தனை பேர் அப்படியே தங்கிப்போனார்கள்.

அடுத்த ஜம்போரி 2027இல், போலந்தின் க்டான்ஸ்க் நகரைச் சேர்ந்த ஒரு தீவில். 14 முதல் 17 வயது வரையானவர்களுக்கு உரியது. விண்ணப்ப விபரம் உங்கள் கைக்கு எட்டினால், முடிவு திகதிக்கு முன்னர், தமிழில், மாணவர் பக்கத்தில் நாலு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சாரணர் ஆசிரியர்,
கோண்டாவில்.