பறக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொழில்முறையில் ட்ரோன் இயக்கச் சான்றிதழ் பெறுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எதைப் படிக்க வேண்டும், தேர்வுக்கு எப்படித் தயாராவது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் ரிமோட்டைக் கையில் பிடித்துப் பழகுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அமெரிக்காவில் சிறிய ட்ரோன்களுக்காக 2016-இல் நடைமுறைக்கு வந்த ‘பகுதி 107’ என்ற விதிப்படி எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பறக்கவிட்டுக் காட்ட வேண்டியதில்லை. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளோ அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி எடுத்து, அங்கே தேர்ச்சி பெற்ற பிறகே சான்றிதழ் என்கின்றன. எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.

ட்ரோனின் பின்பக்கம் நம்மைப் பார்த்து இருக்கும்வரை சிக்கலில்லை. ரிமோட்டில் உள்ள ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகும். அது திரும்பி முகத்தைக் காட்டியதும் அதே ஸ்டிக், நம் கண்ணுக்கு வலப்பக்கம் கொண்டுபோகும். பழகிய புதிதில் ஒரு மரத்திலிருந்து விலக்கத்தான் தள்ளினேன். நேராகக் கிளைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. கீழே ஆள் யாரும் நிற்கவில்லை. இடம் வலமாக மாறும் என்று எனக்கு முன்பே தெரியும், கேட்டிருந்தால் சரியாகப் பதில் எழுதியிருப்பேன். அந்த ஒரு நொடியில் விரல் பழைய பக்கமே போனது.

ஜிபிஎஸ் விஷயமும் அப்படித்தான். சிக்னல் இருக்கும்போது ஸ்டிக்கை விட்டால் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் போய்விட்டால் காற்று தள்ளும் பக்கமெல்லாம் நகரும், தானாக நிற்காது. நாமே எதிர்ப்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை எந்தப் புத்தகம் விரலுக்குச் சொல்லித்தரும்?

எழுத்துத் தேர்வு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏறத்தாழ 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று பல நாடுகள் வைத்திருப்பது ஆள் ஏறிய விமானங்களுக்குக் குறுக்கே போய்விடாமல் இருக்கத்தான். அதையும், வானிலையையும், வான்வெளி வரைபடத்தையும் படித்தே ஆக வேண்டும்.

அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, ட்ரோனின் முகம் நம் பக்கம் திரும்பிய நிலையில் எட்டுப் போட்டுப் பழகுவதையும், திறந்த வெளியில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ஜிபிஎஸ் உதவி இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதையும் சேர்த்து எழுதுங்கள். ட்ரோன் வைத்து வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சான்றிதழைப் பார்த்த பிறகு, ஐந்து நிமிடம் பறக்கவிட்டும் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்