பத்மினிக்கு வேறு எஞ்சின் வேண்டாம் மாப்ள

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. அப்பா கைத்தடி இல்லாமல் நடக்கிறார் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே சாரல் பிடித்துவிட்டது, குற்றாலத்தில் கூட்டம் தாங்கவில்லை. சின்னவளுக்குத் தென்காசியிலேயே கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமனார் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய பிரீமியர் பத்மினி காரை எடுத்து வந்துவிட்டாய், அங்கே உள்ள மெக்கானிக் பழைய எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு புதுக் கார் ஒன்றின் எஞ்சினை மாட்டிக்கொள்ளலாம் என்கிறார், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் மாப்ள. அது 1089 சிசி எஞ்சின், சுமார் 40 குதிரைசக்தி. அதற்கு ஏற்ற மாதிரிதான் கியர்பாக்ஸ், ஆக்சில், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் எல்லாம் வைத்திருக்கிறார்கள். கூடுதல் வேகம் போகிற எஞ்சினை வைத்துக்கொண்டு அந்த டிரம் பிரேக்கை நம்பி மலைப்பாதையில் இறங்க முடியுமா? நீ ஆரியங்காவு இறக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டப் போகிறவன்.

தொல்லை பெரும்பாலும் எஞ்சினில் இல்லை என்பதுதான் என் அனுபவம். போன சித்திரை வெயிலில் என் பத்மினியில் புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவில் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து ஏறினேன், கோட்டைவாசல் வருவதற்குள் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. பிளக்கில் நெருப்பு நன்றாக இருந்தது, கார்புரேட்டருக்குத்தான் பெட்ரோல் வரவில்லை. இந்த வண்டியில் பெட்ரோல் இழுக்கிற பம்ப் (ஏ.சி. பம்ப் என்பார்கள், குளிரூட்டுகிற ஏ.சி. இல்லை) எஞ்சின் உடம்போடு ஒட்டித்தான் இருக்கும், பின்னால் டேங்க்கில் இருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். சூடு ஏறினால் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், ஆவியை அந்த பம்ப் தள்ளாது. ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் மறுபடி ஓடும். லாரி டிரைவர் ஒருவர் கேட்காமலேயே தண்ணீர் கேனைக் கொண்டு வந்து தந்தார்.

ஈரத்துணி அந்த நேரத்துக்கு வண்டியை வீடு சேர்க்கும், அவ்வளவுதான். புனலூரில் பழைய வண்டிகளே பார்க்கிற மேஸ்திரி ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டு போனேன். பம்ப்பின் மூடித் திருகைக் கழற்றி, பெட்ரோலை உறிஞ்சுகிற ரப்பர் தகடான டயபிரத்தை வெளியே எடுத்துக் காட்டினார். ஊறின அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் உப்பிக் கிடந்தது. பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே சூடு தாவாமல் இருக்க வைக்கிற பேக்கலைட் துண்டும் பிளந்திருந்தது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது இல்லையா, அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது, உப்பி இளகிவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், சும்மா நிற்கிற வண்டியில் டேங்க் துருப்பிடித்து அந்தத் தூள் வந்து கார்புரேட்டரில் ஜெட் என்கிற சின்னத் துளையை அடைக்கும். எத்தனால் தாங்குகிற டயபிரம், புது ரப்பர் குழாய், புதுத் துண்டு, சைலன்சர் பக்கத்தில் இருந்து தள்ளிப் போட்ட பெட்ரோல் லைன், இவ்வளவுதான் செலவு. அப்புறம் அதே ஏற்றத்தை நடுப்பகலில் ஏறிப் பார்த்துவிட்டேன், நிற்கவில்லை. இதற்கா எஞ்சினையே தூக்கி எறிவது?

சாரல் காலத்தில் வேறு ஒரு வம்பு உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆகாது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்திருக்கும், கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, உள்ளே தொட்டுத் தொட்டு விலகுகிற பாயிண்ட்டை மெல்லிய உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் எல்லாம் இருக்கிறது, அதனாலேயே இந்த வண்டி மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

இன்னொன்று. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். உன் வண்டியும் 1975 மாடல்தான், 50 வருஷம் ஆகிவிட்டது. 2021-ல் வந்த விதிப்படி, மாற்றம் செய்யாத 50 வயது வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ராலிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. எனக்கு அது ஒத்துவராது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டத்தான் போகிறேன். உனக்கு எது வேண்டும் என்று நீயே முடிவு செய், ஆனால் எஞ்சினை மாற்றிவிட்டால் அந்த 'வி.ஏ.' வழி அடைபட்டுவிடும்.

ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற கை கியர் கடிக்கிறது என்றாயே, அது கியர் கம்பி மூட்டில் இருக்கிற லிங்கேஜ் புஷ் தேய்மானமாகத்தான் இருக்கும், லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். முன் சக்கரம் திரும்புவதற்கான கிங்பின் செட் மட்டும் தேடித்தான் எடுக்க வேண்டும், மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கும் சேர்த்து ஒரு டயபிரம் கிட் வாங்கிவிட்டேன், ஆவணியில் வரும்போது எடுத்துக்கொள். அதுவரை பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதே, முதலில் டேங்க்கைக் கழற்றிக் கழுவு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ரப்பரை மாற்று. அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் செங்கோட்டை நண்பன்